காசநோயோடு வைரஸ் தொற்றும் சேர்ந்தால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்க்கு மருந்து தொடங்கும்போது மார்புச் சிகிச்சை நிலையத்தில் சளியும் எக்ஸ்ரேயும் போதாதென்று இரத்தமும் எடுக்கிறார்கள். எதற்கு என்று அங்கே கேட்கத் தயங்குகிறவர்கள், திரும்பி வரும் பஸ்ஸிலும் தோட்ட மருந்தகத்து வாசலிலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிக் காதில் விழுந்த கேள்விகளும் நேரே கேட்கப்பட்ட கேள்விகளும் இங்கே இருக்கின்றன. மருந்தின் அளவையும் காலத்தையும் உங்கள் வைத்தியர்தான் தீர்மானிப்பார். அவரிடம் எதைக் கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

காசநோய் ஒரு பக்டீரியாவால் வருகிறது என்கிறார்கள். பிறகு வைரஸைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

காசநோய்க் கிருமி பக்டீரியாதான். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி ரொபர்ட் கோக் அதை உலகுக்கு அறிவித்தார். அந்தக் கிருமி உடலுக்குள் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களின் உடல் அதை ஒரு மூலையில் அடக்கி வைத்துவிடுகிறது. எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கு அது வாழ்நாளில் என்றாவது நோயாக மாறும் வாய்ப்பு 5 முதல் 10 சதவீதம். அடக்கி வைக்கும் காவலை உடைப்பதில் எச்.ஐ.வி.யைப் போல வல்ல வைரஸ் வேறில்லை. மருந்தெடுக்காத எச்.ஐ.வி. நோயாளிக்கு, மற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும் அந்த ஆபத்து ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது.

மற்ற வைரஸ்கள் வேறு வழிகளில் தொல்லை தருகின்றன. ஹெப்படைடிஸ் பி, சி ஆகியவை ஈரலைக் கெடுக்கும். காசநோய் மருந்துகளும் ஈரலுக்குப் பாரமானவை. கொவிட், இன்புளுவென்சா போன்றவை ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலைத் தாக்கும். சின்னமுத்து (தட்டம்மை) வந்த குழந்தையின் எதிர்ப்புச் சக்தி பல வாரங்களுக்குப் படுத்துவிடும்.

இரத்தப் பரிசோதனை எச்.ஐ.வி.க்கும் சேர்த்து என்றார்கள். என் நடத்தையைச் சந்தேகிக்கிறார்களா?

இல்லை. காசநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான நடைமுறை. கொழும்பில் வங்கி முகாமையாளருக்கும் அது உண்டு, அப்கொட்டில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கும் அது உண்டு. முகத்தைப் பார்த்து ஆள் தெரிவு செய்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களில் பலர் இதே பரிசோதனையை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பார்க்கப்படுகின்றன. அதனால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று அளித்தது. குடும்பநல உத்தியோகத்தர் சொன்னபோது தயங்காமல் கையை நீட்டிய தாய்மார், மார்புச் சிகிச்சை நிலையத்தில் அதே ஊசியைக் கண்டு குன்றிப்போகத் தேவையில்லை.

நம் நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே முடிவு பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். அப்படியானால் பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். இருக்கிறது என்று வரும் அந்தச் சிலரின் உயிர் அதில்தான் தங்கியிருக்கிறது. 2023இல் உலகில் காசநோயால் இறந்த ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேரில் 1 இலட்சத்து 61 ஆயிரம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, இரண்டும் அரசாங்கத்தில் இலவசம். தெரியாமல் இருந்ததால் மட்டுமே ஓர் உயிர் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தாலும் காசநோய் மருந்தைத் தர மறுக்க மாட்டார்கள். ஆனாலும் மறுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

முடிவு தோட்டத்துக்குத் தெரிந்துவிடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் மலையகத்தில் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயமும் இருக்கிறது. வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஒருவர் வீட்டுச் செய்தி அடுத்த காம்பராவுக்கு, அதாவது அடுத்த அறைக்கு, போக ஒரு சுவர்தான் தடை.

காசநோயும் எச்.ஐ.வி.யும் இதில் வேறு வேறு. காசநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியர் அதை அறிவிப்பார், சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு இருமல் இருக்கிறதா, சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரிப்பார். அவர் வருவது காசநோய்க்காக. எச்.ஐ.வி. முடிவு உங்களுக்கும் உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்களுக்கும் இடையிலானது. தோட்டத் துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ தலைவருக்கோ அதைச் சொல்லும் வழக்கமும் இல்லை, உரிமையும் இல்லை.

இரகசியம் உடைவது பெரும்பாலும் வேறோர் இடத்தில். அது மொழிபெயர்ப்பு. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, நடுவில் அகப்பட்ட யாரோ ஒருவர். ஒரு சிகிச்சை நிலையத்தில் பாடசாலைச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு சிறுமி, தாய்க்கும் வைத்தியருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருமல், காய்ச்சல், எத்தனை நாள் என்பதையெல்லாம் சுறுசுறுப்பாகச் சொன்னாள். அடுத்து வந்த கேள்வி கணவரைப் பற்றியது. பிள்ளை வாயை மூடிக்கொண்டு தாயின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். தாய் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. அந்தப் பதில் இல்லாமலே சிகிச்சை அட்டை எழுதப்பட்டது.

ஆகையால் பிள்ளையையும் அடுத்த காம்பராக்காரரையும் மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகாதீர்கள். “தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கூப்பிடுங்கள்” என்று கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. அப்படிக் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. மருந்துப் பையிலும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டும் இருக்கிறது என்று முடிவு வந்தால் எந்த மருந்து முதலில்?

காசநோய் மருந்துதான் முதலில். ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட், எதம்பியூட்டோல் என்ற நான்கும் சேர்ந்த மாத்திரை இரண்டு மாதம், அதன் பின் ஐசோனியசிட்டும் ரிபாம்பிசினும் நான்கு மாதம் என்பது வழக்கமான முறை. உங்கள் எடையைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று சொல்வார்கள். எச்.ஐ.வி. மருந்தை அதற்குப் பின் இரண்டு வாரத்துக்குள் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளைக் காய்ச்சலாக வெளிப்பட்ட காசநோய் என்றால் மட்டும் குறைந்தது நான்கு வாரம் பொறுப்பார்கள், ஏனென்றால் அவசரப்பட்டால் மூளைக்குள் வீக்கம் கூடக்கூடும்.

ரிபாம்பிசினுக்கு ஒரு குணம் உண்டு. அது ஈரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாக எரித்துவிடச் செய்யும். இப்போது எச்.ஐ.வி.க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர் சாதாரணமாக நாளுக்கு ஒரு வேளை 50 மில்லிகிராம். ரிபாம்பிசின் எடுப்பவருக்கு அதையே காலையும் மாலையுமாக இரண்டு வேளை கொடுக்க வேண்டும். ஆகவே மார்புச் சிகிச்சை நிலையத்தில் உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதும், எச்.ஐ.வி. மருந்து தரும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் நீங்கள் காசநோய் மருந்து எடுப்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அட்டைகளையும் இரண்டு இடங்களிலும் காட்டுங்கள்.

மருந்து தொடங்கி நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சலும் கழுத்தில் கட்டியும் வந்தன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் இப்படி நடப்பதுண்டு. படுத்திருந்த எதிர்ப்புச் சக்தி எழுந்து, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட காசநோய்க் கிருமியை ஒரேயடியாகத் தாக்குகிறது. அதனால் காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம், இருமல் கூடலாம். பலருக்கு மருந்தை நிறுத்தாமலே இதைச் சமாளிக்கலாம். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் இதே தோற்றத்தில் வரும். எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் உடனே சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள்.

சளியில் கிருமி இல்லை என்றார்கள். அப்படியானால் காசநோய் இல்லைதானே?

எச்.ஐ.வி. உள்ளவரிடம் இந்த முடிவை மட்டும் நம்ப முடியாது. அவர்களுக்குச் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும், எக்ஸ்ரேயும் வழக்கமான கோலத்தைக் காட்டாமல் போகலாம். நெறிகளிலும் நுரையீரலைச் சுற்றிய உறையிலும் வயிற்றிலும் நோய் ஒளிந்திருப்பதும் அதிகம். ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற பரிசோதனை சளியில் கிருமியின் மரபணுவைத் தேடி, ரிபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் தொடர்ந்த இருமல் என்பது எச்சரிக்கை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல் எத்தனை நாளானாலும், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும்.

எனக்கு முன்பு மஞ்சட்காமாலை வந்திருக்கிறது. சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நான்கு மருந்துகளில் மூன்று, அதாவது ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட், ஈரலைத் தாக்கக்கூடியவை. ஹெப்படைடிஸ் பி அல்லது சி உடலில் தங்கியிருப்பவருக்கு இந்த ஆபத்து கூடுகிறது. இலங்கையில் ஹெப்படைடிஸ் பி பரவல் குறைவு. பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து இன்று கொழுந்து பறிப்பவர்களும் கவ்வாத்து வெட்டுபவர்களும் பெரும்பாலும் அந்த ஊசி போடாதவர்கள். முன்பு வந்த காமாலை எலிக்காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம், ஹெப்படைடிஸ் ஏயாகவும் இருந்திருக்கலாம். எது என்று இரத்தம் சொல்லும்.

ஹெப்படைடிஸ் பி இருந்தாலும் காசநோய் மருந்தைப் பெறலாம். தொடக்கத்திலும் இடையிலும் ஈரல் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்வார்கள், தேவையென்றால் மருந்துகளை மாற்றுவார்கள். எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தால் அதற்குத் தரும் டெனோஃபோவிர், லமிவுடின் இரண்டும் ஹெப்படைடிஸ் பியையும் அடக்கும். ஹெப்படைடிஸ் சிக்கான புதிய மாத்திரைகளை ரிபாம்பிசின் வலுவிழக்கச் செய்துவிடும் என்பதால் அந்தச் சிகிச்சையைப் பொதுவாகக் காசநோய் முடியும்வரை தள்ளிவைப்பார்கள்.

கள்ளச் சாராயமான கசிப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஈரலில் வைரஸ், வயிற்றில் காசநோய் மாத்திரை, அதன் மேல் கசிப்பு என்றால் ஈரல் தாங்காது. “சம்பள நாளில் மட்டும்தான்” என்பதும் இந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம். குடிப்பவர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று மறைத்தால் அவருக்கு ஈரல் பரிசோதனையை அடிக்கடி செய்யத் தோன்றாது. கீழாநெல்லி, வல்லாரைச் சாறு, கடையில் வாங்கும் லேகியம் எதுவானாலும் அதையும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாத்திரை எடுத்த நாளிலிருந்து சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ஈரல் கெட்டுவிட்டதா?

செம்மஞ்சள் நிறம் ரிபாம்பிசினால் வருவது. வியர்வையும் கண்ணீரும்கூட அந்த நிறம் காட்டும், பயமில்லை. சோற்றைக் கண்டால் குமட்டுவது, வாந்தி, வலது விலாவின் கீழே வலி, கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் கடுஞ்சாயத் தேநீர் நிறத்தில் போவது, இவைதாம் ஈரலின் அறிகுறிகள். இவை வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அடுத்த மாத்திரையை எடுப்பதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. இதுவும் ஏதாவது வைரஸா?

அநேகமாக இல்லை. ஐசோனியசிட் எடுப்பவர்கள் பலயா, கெலவல்லா போன்ற சூரை இன மீன்களைச் சாப்பிட்டால் இப்படி வருவதை இலங்கை வைத்தியர்கள் பல காலமாக அறிவார்கள். கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் வந்து பழசாகிப்போன மீனில் இந்த ஆபத்து அதிகம். மருந்து முடியும்வரை அந்த மீன்களை விலக்குங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வைத்தியசாலைக்குப் போங்கள்.

கொவிட்டும் காசநோயும் ஒரே நேரத்தில் வருமா?

வரும். இரண்டுக்கும் இருமலும் காய்ச்சலும் உண்டு. கொவிட் நாட்கணக்கில் ஏறி இறங்கும், காசநோய் வாரக்கணக்கில் மெல்ல அரிக்கும். கொவிட் என்று நினைத்துக் காத்திருந்ததில் காசநோய் முற்றிப்போனவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2019இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 71 இலட்சம் பேர், 2020இல் 58 இலட்சம் பேர் மட்டுமே. நோய் குறையவில்லை, தேடிக் கண்டுபிடிப்பதுதான் குறைந்தது.

கொவிட் கடுமையாகும்போது கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து, அடங்கிக் கிடந்த காசநோயை எழுப்பிவிடலாம். கொவிட்டுக்கான நிர்மட்ரெல்விர், ரிட்டோனாவிர் மாத்திரையையும் ரிபாம்பிசினையும் சேர்த்து எடுக்கவே கூடாது. எந்த வைத்தியரிடம் போனாலும் காசநோய் அட்டையைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான். இன்புளுவென்சா வந்தாலும் காசநோய் மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம்.

டெங்கு?

நுவரெலியாவின் குளிரில் டெங்கு நுளம்பு குறைவு. ஆனால் கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களிலும், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகளிடமும் டெங்கு உண்டு. டெங்கில் இரத்தத் தட்டுக்கள் குறையும். அரிதாக ரிபாம்பிசினும் அதைச் செய்யும். ஆகவே காசநோய் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், அதையும் சொன்ன அளவுக்கு மேல் எடுத்தால் ஈரலுக்குக் கேடு.

பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தது. வீட்டில் தாத்தாவுக்குக் காசநோய். என்ன செய்வது?

அம்மை என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம், பிள்ளையைக் காட்டுங்கள். சின்னமுத்து இறங்கிய பிறகு பல வாரங்களுக்குப் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி தாழ்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருமும் பெரியவர் இருந்தால் காசநோய் பற்றிக்கொள்ளும் ஆபத்து அதிகம். காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் போடும் டியூபர்குலின் ஊசியும், அந்நாட்களில் கிருமி இருந்தாலும் இல்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும். ஆகவே சின்னமுத்து வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் அந்த ஊசியைப் போட வேண்டும். இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது, 2023இல் அது மீண்டும் பரவியது. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடும் ஊசியைத் தவறவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எச்.ஐ.வி. மருந்தைப் போலவே கருத்தடை மாத்திரையையும் ரிபாம்பிசின் எரித்துவிடும், மாத்திரை எடுத்துக்கொண்டே கருத்தரிக்கலாம். இதைப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) அல்லது வேறு பொருத்தமான முறைக்கு மாறுவது பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஆணுறை கருத்தடைக்கும் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி பரவாமல் இருப்பதற்கும் உதவும்.

ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கிறோம். தட்டு, கோப்பையைப் பிரித்து வைக்கட்டுமா?

வேண்டாம். காசநோய் காற்றில் பரவுகிறது, கோப்பையில் அல்ல. எச்.ஐ.வி. தொடுவதாலும் ஒன்றாகச் சாப்பிடுவதாலும் பரவவே பரவாது. தட்டைப் பிரித்தால் மனிதரைப் பிரித்ததாகத்தான் முடிகிறது.

லயன் காம்பராவில் பிரச்சினை காற்றோட்டம். முதுகோடு முதுகாகக் கட்டிய லயன்களில் பின்பக்கம் ஜன்னல் வைக்க இடமே இல்லை. குளிருக்காக முன்கதவையும் சாத்திவிடுகிறோம். பகலில் கதவைத் திறந்து வையுங்கள், நோயாளி முதல் வாரங்களில் வெளித் திண்ணையில் வெயில் காய்ந்து இருக்கட்டும், இருமும்போது துணியால் வாயை மூடட்டும். மருந்து சரியாக எடுத்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நோய் இல்லையென்று உறுதியான பின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.

வெளிநாட்டுக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது எல்லாம் சரி என்றார்கள். மறுபடியும் ஏன்?

அது அன்றைய நிலை. அதற்குப் பின் தொற்றியது அதில் தெரியாது. புதிதாகப் பரிசோதியுங்கள்.

கிளினிக் போனால் ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடுகிறது. மாத்திரையை மட்டும் யாராவது வாங்கி வரக்கூடாதா?

தினசரி மாத்திரையை வீட்டுக்குப் பக்கத்திலேயே, தோட்ட மருந்தகத்திலோ அருகிலுள்ள வைத்தியசாலையிலோ, ஒருவர் முன்னிலையில் எடுக்க ஏற்பாடு செய்யலாம். மார்புச் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள். மலைக்கு ஏறுமுன் வெறும் வயிற்றில் எடுத்துவிட்டுப் போவது பலருக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் இரத்தமும் சளியும் பார்க்கும் நாட்களில் நோயாளி நேரில் போகத்தான் வேண்டும். இரண்டு கிளினிக்குகளையும் ஒரே நாளில் வைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்காதவருக்கு இரண்டு நாள் பேர் போகும்.

ஆறு மாதம் முடிந்தது. வைரஸ் மருந்தையும் நிறுத்தலாமா?

எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தக் கூடாது, அது வாழ்நாள் மருந்து. ஹெப்படைடிஸ் பி மருந்தையும் நீங்களாக நிறுத்தினால் ஈரல் அழற்சி திடீரென்று பொங்கி எழலாம். டொலுடெக்ராவிரை இரண்டு வேளை எடுத்தவர்கள், ரிபாம்பிசின் முடிந்து இரண்டு வாரம்வரை அப்படியே எடுத்துவிட்டுப் பிறகுதான் ஒரு வேளைக்கு மாறுவார்கள். அந்தத் திகதியை அட்டையில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.